மில்லுக்குப் போகும் குச்சிக்கிழங்கை வீட்டில் வேகவைக்கலாமா?

கேள்வி: வாழப்பாடி பக்கம் இரண்டு ஏக்கரில் சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்காக மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கு, போட்டிருக்கிறோம். வேகவைத்து ஆறவைத்துச் சாப்பிட்டால் குடலுக்கு நல்லது என்கிறாள் காலேஜில் படிக்கும் மகள். எங்கள் காட்டுக் கிழங்கு கசக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது அம்மா. ஆனால் ஆறவைப்பதைப் பற்றிப் பேசும் முன் கசப்பைப் பார்க்க வேண்டும்.

மில் ரகங்களில் மாவுச்சத்துதான் கணக்கு, நாக்கு ருசி இல்லை. கசப்புக்குக் காரணம் கிழங்கில் இயற்கையாக இருக்கும் லினமாரின் என்ற பொருள். அது உடைந்தால் சயனைடு விஷம் வரும். செடி வறட்சியில் வாடினால் இன்னும் கூடும். அதனால் கசக்கிற கிழங்கு மில்லுக்கே போகட்டும். வீட்டுக்கென்று கிணற்றோரம் இரண்டு வரிசை ஸ்ரீ விஜயாவோ ஸ்ரீ ஜெயாவோ நட்டுக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்து ரகங்கள், 6–7 மாதத்தில் வெட்டலாம்.

அந்தக் கிழங்கையும் முறையாக வேகவையுங்கள். மேல்தோலோடு அடியில் இருக்கும் தடித்த பட்டையையும் உரித்துவிடுங்கள். விஷம் அதில்தான் அதிகம். சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிநீரில் நேராகப் போட்டால், லினமாரினை உடைக்கும் கிழங்கின் நொதி சூட்டில் சீக்கிரம் செத்துவிடும்; லினமாரின் உடையாமல் கிழங்கிலேயே தங்கிவிடும். பாத்திரத்தை மூட வேண்டாம், உடைந்து வரும் சயனைடு ஆவியோடு போகட்டும். வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விசில் வைக்கிற பழக்கம் இதற்கு ஆகாது.

இனி மகளின் பேச்சுக்கு வருவோம். வெந்த கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்து ஆறவிட்டால் மாவுச்சத்தில் ஒரு பங்கு மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலம் தரும். குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் தீனி. லேசாகச் சூடு காட்டினாலும் அந்த இறுகிய மாவுச்சத்து முழுக்கப் போய்விடாது. ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்: மரவள்ளியில் அமைலோஸ் என்ற, ஆறினால் இறுகும் மாவுச்சத்துப் பகுதி குறைவு, அதனால் இறுகுவதும் குறைவுதான். தாளிப்பில் நாலு சின்ன வெங்காயம், ரெண்டு பல் பூண்டு கூடுதலாகப் போடுங்கள். நுண்ணுயிர்க்குப் பிடித்த இனுலின் என்ற நார்ச்சத்து அவற்றில் இருக்கிறது. கிழங்கில் புரதம் சொற்பம் என்பதால் கொள்ளுப் பருப்போ மீன் குழம்போ தொட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், ஆறவைத்த கிழங்கும் கிழங்குதான்; அளவோடு கொடுங்கள்.

வெட்டிய கிழங்கை இரண்டு மூன்று நாள் போட்டு வைத்தால் உள்ளே நீலக்கருப்பாய்க் கோடு ஓடும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பிடுங்குங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. உரித்த தோலையும் இலையையும் பச்சையாக ஆட்டுப் பட்டியில் கொட்டிவிடாதீர்கள். நல்ல வெயிலில் நாலைந்து நாள் மொறுமொறுவெனக் காய்ந்த பிறகு, மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்துதான் போட வேண்டும்.