பெட்டிக்கு வயசு என்ன? இரும்புப் பெட்டி பற்றி மூன்று கடிதங்கள்

கேள்வி (ஒரு வாசகி, மோல்மீன், பர்மா): ஐயா, எங்கள் வீட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பச்சை நிற இரும்புப் பெட்டி இருக்கிறது. கதவில் பித்தளைத் தகடு. அதில் 'சப் அண்ட் சன்ஸ் லாக் அண்ட் சேஃப் கம்பெனி லிமிடெட், 128, குயின் விக்டோரியா ஸ்ட்ரீட், லண்டன்' என்று இருக்கிறது. மேலே ராஜாவுக்குச் செய்து கொடுப்பவர்கள் என்ற வரி, கீழே பேட்டண்ட் என்று போட்டு ஆறு இலக்க எண். ஓரத்தில் ரங்கூன் டல்ஹவுசி ஸ்ட்ரீட் ஏஜெண்ட் ஒருவரின் சின்னத் தகடும் உண்டு. உள்ளே இழுப்பறையில் தமிழில் மூன்று எழுத்து வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது, அது எங்கள் வீட்டு விலாசம் (குடும்பத்துப் பெரியவர்கள் பெயரின் முதல் எழுத்துகள்) இல்லை. 1880இல் கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்தது என்று பாட்டி சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார். வாங்க வந்த வியாபாரி, அடியில் வெள்ளைப் பொடி உதிர்கிறதே, உளுத்துப்போன பெட்டி என்று விலையைக் குறைக்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, போட்டோவே வேண்டாம் என்கிற அளவுக்குப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் 'பழைய பெட்டி, பச்சைக் கலர், எவ்வளவு பெறும்' என்று மூன்றே சொல்லில் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் கோபித்துக்கொள்கிறார்கள்.

தகட்டில் பெரிதாக இருக்கிற கம்பெனிப் பெயரை எல்லோரும் பார்ப்பார்கள். அது வருஷத்தைச் சொல்லாது, நூறு வருஷத்துக்கு மேல் அதே பெயர்தானே ஓடியது. சின்ன எழுத்தில்தான் விஷயம். முதலில் 'லிமிடெட்'. அந்தக் கம்பெனி லிமிடெட் ஆனது 1882இல். பாட்டி சொன்ன 1880 அங்கேயே அடிபட்டுப் போகிறது. அடுத்து ராஜா. விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்த பிறகு 1952 வரை அங்கே ராஜாக்கள்தான், அதனால் 'ராஜா' என்று போட்ட தகடு அந்த இடைவெளிக்குள் வந்தாக வேண்டும். (ராணி என்று போட்டிருந்தால் 1901க்கு முன்பா 1952க்குப் பிறகா என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம், தப்பித்தோம்.) அப்புறம் அந்த ஆறு இலக்க எண், என்னைக் கேட்டால் தகட்டிலேயே விலை உயர்ந்த இடம் அதுதான். இங்கிலாந்தில் 1915 வரை பேட்டண்ட் எண்ணை வருஷா வருஷம் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள், அதனால் பழைய தகடுகளில் எண் சின்னதாக இருக்கும், பெரும்பாலும் கூடவே வருஷமும் இருக்கும். 1916இல் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு 100001இலிருந்து ஒரே வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள். ஆறு இலக்கம் என்றால் 1916க்கு முன்பு செய்த பெட்டியாக இருக்க வழியே இல்லை.

மறுகரையை ரங்கூன் ஏஜெண்ட் தகடு காட்டுகிறது. டல்ஹவுசி ஸ்ட்ரீட் இன்றைக்கு மகா பந்தூலா சாலை. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மேல் குண்டு விழுந்தது, 1942 மார்ச் 8இல் ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. ஆக, 1916க்கும் 1941க்கும் நடுவில் லண்டனிலிருந்து கப்பலேறி வந்த பெட்டி என்பது என் கணக்கு. சண்டை முடிந்து 1946, 47இல் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டால் மறுக்க மாட்டேன், ஆனால் அந்த இழுப்பறை எழுத்து என்னை முந்தின காலத்துக்கே இழுக்கிறது.

மூன்று எழுத்து விலாசம், தமிழில், இழுப்பறை முகப்பில். பர்மாவில் வட்டிக்கு விட்ட செட்டியார்களின் கடை வழக்கம் அது. கிட்டங்கியில், அதாவது கடைக்காரர்கள் பங்கிட்டுக்கொண்ட பொதுக் கட்டடத்தில், ஒரே கூடத்தில் நாலைந்து கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், எந்தப் பெட்டி யாருடையது என்று எழுத்தைப் பார்த்துத்தான் தெரியும். 1930இல் நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கியவர்கள் நிலத்தையே விட்டுக்கொடுத்தார்கள். கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு, 1938இல் 25 பங்கு. இந்தப் பெட்டிகளில் ரொக்கத்தைவிடப் பத்திரம் அதிகம் கிடந்த காலம் அது. உங்கள் இழுப்பறை ஆழமில்லாமல் அகலமாக இருக்கிறதா பாருங்கள். 1942இல் நடந்தே இந்தியா போனவர்கள் பத்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம், இந்தப் பெட்டியை யார் தூக்குவது? அப்படி நின்றுபோனவை எத்தனையோ வீடு மாறின. உங்கள் வீட்டுக்கு எந்த வருஷம் வந்தது என்பது தகட்டில் இருக்காது, உங்கள் தாத்தாவின் பழைய கணக்கு நோட்டில் இருக்கலாம்.

பாட்டியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 1880இல் ஒரு பெட்டி வந்திருக்கலாம், அது இரும்புப் பட்டை அடித்த தேக்கு மரப்பெட்டியாக இருந்திருக்கலாம். வீட்டில் பழைய பெட்டி போய்ப் புதுசு வந்தாலும் கதை பழைய பெட்டியோடு போகாது, புதுசின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வெள்ளைப் பொடி உளுப்பு இல்லை. இரண்டு தகட்டுக்கு நடுவில் அந்தக் காலத்தில் மரத்தூளும் படிகாரமும் கலந்து அடைப்பார்கள். வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிறோமே, அதே படிகாரம்தான். அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர், கல்லுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகக் கிளம்பி உள்ளே இருக்கும் காகிதம் கருகாமல் காக்கும். மோல்மீன் மழைக்கு ஈரம் இறங்கி அடித் தையல் வழியாகப் பொடி பூத்திருக்கும், இரும்பையும் கொஞ்சம் அரித்திருக்கும். பெட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். பொடியை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், ஊதாதீர்கள், சில பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸும் அடைத்திருப்பார்கள். வியாபாரிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும், அதனால்தான் உளுப்பு என்கிறார்.

கேள்வி (ஒரு வாசகர், பீகு): எங்களிடமும் அதே கம்பெனிப் பெட்டி. சொந்தச் சாவிதான், உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. பூட்டுக்காரர் துளை போடணும் என்கிறார்.

பதில்: தம்பி, துளைக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சாவியைப் போட்டு, திறக்கும் பக்கம் இல்லாமல் பூட்டும் பக்கமாக ஒரு தடவை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் முடிந்தது கதை, அப்புறம் வழக்கம்போல் திறங்கள்.

1818இல் ஜெரமையா சப் போட்ட பூட்டின் வித்தை இது. வேறு சாவியோ கம்பியோ விட்டு யாராவது லீவரை (சாவி தூக்கிவிடும் உள் தகடு) அளவுக்கு மேல் தூக்கினால் ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு நிஜச் சாவிக்கும் திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். இதைத் திறந்து காட்டினால் விடுதலை என்று கைதி ஒருவனிடம் கொடுத்துப் பார்த்தார்கள், அவனும் பூட்டுத் தொழிலாளிதான், மாசக் கணக்கில் முட்டிப் பார்த்துக் கைவிட்டான். உங்கள் வீட்டில் பிள்ளைகள் பீரோ சாவியை விட்டு விளையாடியிருந்தாலும் இதே கதி வரும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இது தெரியாமல் ஒரு நல்ல கதவில் துளை போட்டிருக்கிறேன், அந்த வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் காசை எண்ணிக் கொடுத்தது இன்னும் உறுத்துகிறது.

எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவினால் போதும்.

கேள்வி (ஒரு வாசகர், ரங்கூன்): எங்கள் கோத்ரெஜ் பெட்டி 1902இல் வந்த முதல் பெட்டிகளில் ஒன்று என்கிறார்கள். தகட்டில் 'கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ், லிமிடெட்' என்று இருக்கிறது.

பதில்: அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் 1897இல் பூட்டில் ஆரம்பித்து 1902இல் பெட்டிக்கு வந்தார், அது சரி. ஆனால் 'லிமிடெட்' ஆனது 1932இல். மேலே அம்மாவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ஏமாற்றமாக இருந்தால் இதைக் கேளுங்கள்: 1944 ஏப்ரலில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தீப்பிடித்தபோது, வெந்துபோன கட்டடங்களில் கிடந்த இந்தக் கம்பெனிப் பெட்டிகளுக்குள் காகிதம் பத்திரமாக இருந்ததாம்.

ஒரு விஷயம், போன தடவை நீங்கள் அனுப்பிய போட்டோவில் சாவி முழுசாகத் தெரிகிறது, அதன் எண்ணும் பற்களும் கண்ணாடி மாதிரி. அதைப் பார்த்தே மறுசாவி வெட்டுகிற கைகள் இந்த ஊரில் உண்டு, என் கையும் சேர்த்து. அடுத்த தடவை கதவின் உள்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புங்கள்.