அழைப்பு உண்மை என்றால் ஏன் இவ்வளவு குழப்பம்?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 28 வயது, கன்னியாகுமரி மாவட்டம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்க்கிறேன்.

போன வருஷம் எங்கள் சபையிலிருந்து ஜார்க்கண்டுக்கு மருத்துவ முகாம் போனோம். அங்கே ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கினோம். ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் ஓடவில்லை. செல்போன் வெளிச்சத்தில் ஒரு பிரசவம். பிள்ளை உடனே அழவில்லை. துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டதும் வீறிட்டது. அந்தப் பெண்ணின் மாமியார் ஒரு பிடி காய்ந்த இலுப்பைப்பூவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். 'இதுதான் உன் இடம்' என்று கர்த்தர் சொன்னதாக உணர்ந்தேன். அன்றைக்கே அங்கே ஊழியம் செய்ய என்னை ஒப்புக்கொடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது. அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. என் படிப்புக்கு வாங்கிய கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. தங்கை கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் இங்கிலாந்து போகச் சொல்கிறார்கள். அதற்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி தேறிவிட்டேன், அந்த மதிப்பெண் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். தினமும் காலையில் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறக்கிறேன். ஒரு நாள் 'புறப்பட்டுப் போ' என்று வருகிறது, மறுநாள் 'காத்திரு' என்று வருகிறது. போதகர் ஒன்று சொல்கிறார், ஜெபக்குழு அக்கா வேறொன்று சொல்கிறார். போன மாதம் அப்பா தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. கர்த்தரின் கட்டளைக்குத் தப்பி ஓடிய யோனாவைப்போல நானும் ஓடுவதால்தான் வீட்டில் அடி விழுகிறதோ என்று தூக்கமே வருவதில்லை. அப்பாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. உண்மையான அழைப்பு என்றால் மனதில் சமாதானம் இருக்க வேண்டாமா?

ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவின் கால். விடிவதற்கு முன்னால் ஈரச் சரிவில் நடந்து பால்வெட்டுகிறவர் வழுக்கி விழுந்திருக்கிறார். அதை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். பிறவிக் குருடனைப் பார்த்து 'யார் செய்த பாவம்?' என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளினார். யோனாவுக்குப் போகவேண்டிய ஊர் தெரியும். தெரிந்தே எதிர்த்திசையில் கப்பல் ஏறினான். நீங்கள் எங்கும் ஓடவில்லை, வழி கேட்டு நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது, கண்ணை மூடி வசனம் எடுப்பது. கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டான், தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவனுக்கும் ஒரு முறை போதவில்லை, திரும்பவும் கேட்டான். பதற்றத்தின் வேலை அப்படித்தான். ஒரு உறுதி கிடைத்தால் கொஞ்ச நேரம் ஆறுதல், அப்புறம் முன்னைவிடப் பெரிய சந்தேகம், அதற்கு இன்னொரு உறுதி. நீங்கள் கேட்கிற ஆட்கள் கூடக்கூடக் குழப்பமும் கூடுவது அதனால்தான். கொஞ்ச நாளைக்கு வேதாகமத்தை முறைப்படி, ஒரே புத்தகமாக வாசியுங்கள். இந்தக் கேள்வியைப் புதிதாக யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். முதலில் தவிப்பு ஏறும். தாங்கிக்கொண்டால் தானாகவே இறங்கும். அதன் பிறகும் தூக்கம் வரவில்லை, தண்டனை பற்றிய எண்ணம் விடாமல் சுற்றுகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபிக்கிறவர்களுக்கும் அந்த உதவி தேவைப்படும். ஐசியூவில் நிற்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சமாதானம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அப்போஸ்தலர் 16-ஐப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பவுல் ஆசியாவில் பிரசங்கிக்கப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கும் தடை. துரோவாவில் தரிசனம் கண்டு மக்கெதோனியாவுக்குப் போனார். பிலிப்பியில் அவருக்குக் கிடைத்தது அடியும், சிறையில் கால்களை மாட்டும் தொழுமரமும். பாதை சீராக இருந்ததை வைத்து அவர் அழைப்பை அளக்கவில்லை.

உங்கள் மருத்துவத் துறையிலேயே ஒருவர் இருக்கிறார், வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர். ஐடா ஸ்கடர் மிஷனரி ஆகக்கூடாது என்று இருந்த பெண். நோயுற்ற அம்மாவைப் பார்க்கத் திண்டிவனம் வந்த இடத்தில், ஆண் மருத்துவரை உள்ளே விடாததால் மூன்று பெண்கள் ஒரே இரவில் பிரசவத்தில் இறந்தார்கள். அழைப்பு வந்தது ஒரு ராத்திரியில். ஆனால் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-இல்தான் பட்டம் வாங்கினார். 1900-இல் வேலூர் திரும்பினார், அதே வருஷம் அப்பாவை இழந்தார். செவிலியர் பயிற்சிப் பள்ளி 1909-இல், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல். அந்த ராத்திரியில் இதில் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆபிரகாமும் 'தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல்' புறப்பட்டான் என்றுதானே எபிரெயர் நிருபம் சொல்கிறது?

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஐசியூவுக்கு ஒரு வரி, இங்கிலாந்துக்கு ஒரு வரி. அந்தப் பிரசவத்தை மட்டும் பிள்ளை அழுதது, விரல்களை மூடியது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்கப் பயம் இருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் இல்லை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் கடனை மறந்துவிட்டு ரயில் ஏறுவது கீழ்ப்படிதல் ஆகாது. பெற்றோருக்குச் செய்யவேண்டியதை 'கொர்பான்' என்று தேவனுக்கு எழுதிவைத்துத் தப்பித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். சில வருஷம் இங்கிலாந்தில் உழைத்துக் கடனை அடைத்துவிட்டுப் போவதும் கீழ்ப்படிதலாக இருக்க முடியும். அது தள்ளிப்போடுகிற சாக்கா இல்லையா என்பதை உங்கள் மனசாட்சியிடம்தான் கேட்க வேண்டும். தொகை இவ்வளவு, இந்த வருஷம் திரும்புவேன் என்று அப்பாவுக்குத் தெரியும்படி குறித்துவைத்தால் சாக்காக மாறுவது கடினம்.

இப்போது செய்யக்கூடியது இரண்டு. அந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுங்கள். செவிலியர் தேவையா, சம்பளம் எவ்வளவு, தங்க இடம் உண்டா, மாதம் இவ்வளவு வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

இன்னொன்று அப்பா. கட்டுப்போட்ட காலோடு வீட்டில்தான் இருக்கிறார். 'கர்த்தர் சொல்லிவிட்டார்' என்று ஆரம்பித்தால் அவர் பதில் பேச இடமிருக்காது. அந்த ராத்திரி நடந்ததைச் சொல்லுங்கள், இலுப்பைப்பூ கொடுத்த பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், அப்புறம் கடன் கணக்கை எடுத்து இருவருமாகப் பாருங்கள். அவர் கோபப்படலாம், அழலாம், நீங்கள் நினைக்காத ஒன்றைச் சொல்லவும் செய்யலாம். இங்கிலாந்து வேலைக்கான ஏஜென்சிக்குப் பதில் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும். பேசிய பின் எனக்கு எழுதுங்கள், உங்களுக்காக ஜெபிக்கிறேன்.