பெர்த்திலிருந்து லண்டனுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

பெர்த் விமான நிலையத்திற்கும் லண்டன் ஹீத்ரோவிற்கும் இடைப்பட்ட தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்து வரும் 16 மணி நேரத்தை நம்பி, வயதான அம்மாவின் பயணத்தைத் திட்டமிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூரம் ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர் என்பது சரிதான். ஆனால் அந்த 16 மணி நேரத்தை நம்ப வேண்டாம். இடையில் நிற்காத விமானத்தில் போகும்போது சுமார் 17 மணி 20 நிமிடமும், திரும்பும்போது சுமார் 16 மணி 45 நிமிடமும் ஆகும்.

ஓர் உலக உருண்டையின் மேல் பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்தால், அது இந்தியப் பெருங்கடல், இலங்கை, தென்னிந்தியா, ஈரான், காகசஸ் மலைப்பகுதி என்று செல்லும். 14,500 என்பது அந்த நூலின் நீளம். விமானம் அதன் மேலேயே பறப்பதில்லை. பாதுகாப்பற்ற வான்பரப்பைச் சுற்றிக்கொண்டும் எதிர்காற்றைத் தவிர்த்தும் போவதால், உண்மையில் பறக்கும் தூரம் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

நேரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது காற்றுதான். இரு அரைக்கோளங்களிலும் நடு அட்சரேகைப் பகுதிகளில், விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் காற்றோட்டம் எனப்படும் பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. லண்டன் போகும்போது அது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. நான் இந்த வழியில் சென்றபோது இருக்கைத் திரையில் தரைவேகம் (தரையைக் கடக்கும் வேகம்) நெடுநேரம் மணிக்கு 840 கிலோமீட்டர் அளவிலேயே நின்றது. திரும்பும்போது அதே திரையில் 1,000ஐத் தாண்டியதைப் பார்த்தேன். இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு 2024 ஏப்ரலில் நடந்ததே சான்று. ஈரானைச் சுற்றியுள்ள வான்பரப்பைத் தவிர்க்க வேண்டியிருந்தபோது, 2018 மார்ச் முதல் இந்த நேரடிச் சேவையை நடத்திவரும் குவாண்டஸ் நிறுவனம், லண்டன் செல்லும் விமானத்தை எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறக்கியது. லண்டனிலிருந்து பெர்த் திரும்பும் விமானமோ பின்காற்றின் துணையால் நிற்காமலேயே வந்து சேர்ந்தது.

பயணச்சீட்டில் உள்ள நேரம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் மறு நிறுத்துமிடத்தில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்குச் செல்வதும் தரையிறங்கக் காத்திருந்து வட்டமடிப்பதும் அதில் அடக்கம்.

அம்மா மருந்து சாப்பிடுபவர் என்றால் இதையும் கவனியுங்கள். நான் அப்பாவை அழைத்துச் சென்றது லண்டனின் குளிர்காலத்தில். அப்போது லண்டன் பெர்த்தைவிட 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும், லண்டனின் கோடையில் அது 7 ஆகும். மாலை 7 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் அதிகாலை நாலரைக்கு இறங்கினோம். உள்ளூர் நேரங்களைக் கழித்தால் ஒன்பதரை மணிதான் வரும் என்பதால், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் மாத்திரையில் ஒன்றை மட்டுமே கைப்பையில் வைத்திருந்தேன். பெர்த்தில் மாலை 6 மணிக்குப் போட்டவருக்கு வானிலேயே இரண்டு தேவைப்பட்டன; இரண்டாவது, சரக்கறைக்குப் போய்விட்ட பெட்டியில் இருந்தது. நீங்கள் இறங்கும்வரை கைக்கடிகாரத்தைப் பெர்த் நேரத்திலேயே வைத்திருந்து வேளையைக் கணக்கிடுங்கள். தாமதத்தை எண்ணி மூன்று வேளைக்கான மருந்தைக் கைப்பையில் வையுங்கள்.