ஈஸ்ட் தரும் இனிப்பு: வாசகர் கேள்விகள்

'சுகர் ஆல்கஹால்' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே, சாராயம் கலந்ததா?

இல்லை, போதை வராது. மூலக்கூறின் அமைப்பை வைத்து வேதியியலில் வந்த பெயர் அது. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிடால் இந்த வகை இனிப்புதான். அதன் பொடியை ஒரு சிட்டிகை நாக்கில் வையுங்கள், சில்லென்று இருக்கும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அந்தக் குளிர்ச்சி.

ரொட்டிக்குப் போடும் ஈஸ்டே சைலிடால் தயாரிக்குமா?

சும்மா விட்டால் உருப்படியாகத் தயாரிக்காது. கரும்புச் சக்கையிலும் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரிலும் இருந்து சைலோஸ் என்ற சர்க்கரை கிடைக்கிறது. இந்த ஈஸ்டுக்கு அதைத் தின்னத் தெரியாது. ஷெஃபர்சோமைசஸ் ஸ்டிபிடிஸ் என்ற வேறொரு ஈஸ்டுக்குத் தெரியும். அதன் முதல் நொதி சைலோஸைச் சைலிடாலாக்கும், இரண்டாவது நொதி அந்தச் சைலிடாலையும் விடாமல் மாற்றிவிடும். 1991இல் ஃபின்லாந்து, ஸ்வீடன் ஆய்வாளர்கள் முதல் நொதியின் மரபணுவை மட்டும் எடுத்து ரொட்டி ஈஸ்டுக்குள் வைத்தார்கள். மேலே போக வழியில்லாமல் சைலிடால் சேர்ந்தது. சைலோஸில் 95 சதவீதத்துக்கு மேல் மாறியது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது: ஒரே ஒரு மரபணு!

சிக்கல் வேறிடத்தில். அந்த நொதி வேலை செய்ய என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் வேண்டும். அதை உண்டாக்க ஈஸ்டுக்குக் கொஞ்சம் குளுக்கோஸ் கொடுத்தாக வேண்டும். ஆனால் குளுக்கோஸும் சைலோஸும் செல்லுக்குள் நுழைவது ஒரே வாசலில். குளுக்கோஸ் கூடினால் சைலோஸ் வெளியே நிற்கும். அதனால் குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். பொறுமைதான் வேண்டும்.

இன்னொரு சுகர் ஆல்கஹாலான எரித்ரிடாலுக்கும் மரபணு மாற்றம் தேவையா?

கட்டாயமில்லை. உப்புப் போட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குமே, அடர்ந்த சர்க்கரைக் கரைசலில் செல்லுக்கும் அதே கதிதான். அதைச் சமாளிக்க மோனிலியெல்லா, யாரோவியா போன்ற ஈஸ்டுகள் தாமாகவே எரித்ரிடாலை உண்டாக்குகின்றன. யாரோவியா பயோடீசல் ஆலையில் மிஞ்சும் கிளிசராலிலும் வளரும். பிறகு பசித்தால் தான் செய்த எரித்ரிடாலையே தின்றுவிடும். மரபணு வேலை அதைத் தடுக்கத்தான்.

மாற்றிய ஈஸ்ட் என் வயிற்றுக்குள் போகுமா?

செல்களை வடிகட்டி, கரைசலைச் சுத்தம்செய்து, படிகமாக்கிய பிறகே விற்கிறார்கள்.

இதயத்துக்குக் கெடுதல் என்கிறார்களே?

இரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. நம் உடலும் எரித்ரிடாலை உண்டாக்கும் என்பதால், சாப்பிட்டதுதான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் சேர்க்க வேண்டாம்.

வீட்டில் நாய் இருந்தால் சைலிடால் போட்ட சூயிங்கத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள். நாய்க்கு அது விஷம். இன்சுலின் எகிறி, இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.