ஒரு சரத்துக்குப் பல உரிமையாளர்கள்: கணினி கேள்வி-பதில்

கேள்வி: மண்டபத்தில் மீன் வியாபாரம் செய்யும் என் சித்தப்பாவின் ஏலக் கணக்குக்காகத் தடைக்காலத்தில் சி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு பதிவிலும் படகின் பெயர், ஊர், மீன் வகை, வாங்கியவர் பெயர் ஆகியவை சரங்களாக (எழுத்துத் தொடர்களாக) இருக்கின்றன. முதலில் ஒவ்வொன்றையும் ஸ்டர்டப் கொண்டு நகலெடுத்தேன். ஜூன் 15-க்குப் பிறகு படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கி, நிரலும் இரவு பகலாக ஓடவே, நினைவகம் ஏறிக்கொண்டே போனது. நகலெடுப்பதை நிறுத்திச் சுட்டியை (சரம் இருக்கும் நினைவக முகவரியை) மட்டும் பகிர்ந்தேன். இப்போது ஒரு பதிவை அழித்தால் வேறு பல பதிவுகளில் படகின் பெயர் குப்பை எழுத்துகளாகத் தெரிகிறது. ரெஃபரன்ஸ் கவுண்ட் வைத்தால் சரியாகுமா, ஐயா?
— வாசகர், பாம்பன்

பதில்: சரியாகும். ஒரு சரத்தை எத்தனை இடங்கள் வைத்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே வந்து, அது சுழியமாகும்போது மட்டும் சரத்தை விடுவிப்பதே ரெஃபரன்ஸ் கவுண்ட். எண்ணிக்கை வைப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. வைத்த எண்ணிக்கையை யார், எப்போது குறைக்க வேண்டும் என்பதில்தான் நிரல்கள் தடுமாறுகின்றன. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. பல உறுப்புகளைச் சேர்த்துவைக்கும் ஒரு ஸ்ட்ரக்டில் 32 பிட் எண்ணிக்கை, 32 பிட் நீளம், கடைசி உறுப்பாக அளவு குறிப்பிடாத ஒரு கேர் (எழுத்து) அணி ஆகியவற்றை வையுங்கள். இப்படி அளவில்லாத அணியைக் கடைசி உறுப்பாக வைப்பதை சி99 தரம் முறையாக அனுமதித்துவிட்டது. தலைப்பகுதியும் எழுத்துகளும் நினைவகம் கேட்கும் ஒரே மல்லாக் அழைப்பில் அடுத்தடுத்து அமைந்துவிடும். விடுவிக்கும்போதும், நினைவகத்தைத் திருப்பித் தரும் ஒரே ஃப்ரீ அழைப்பு போதும். உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'பாம்பன்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள், யூனிகோடில் ஏழு குறியீடுகள், யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 21 பைட். இறுதிச் சுழியத்தோடு 22. தலைப்பகுதியின் 8 பைட்டையும் கூட்டினால் 30. 64 பிட் லினக்ஸில், குனு சி நூலகத்தின் மல்லாக் இந்த 30 பைட்டுக்கு 48 பைட் ஒதுக்கும்; ஸ்டர்டப் எடுக்கும் 22 பைட் நகலுக்கு 32 பைட் ஒதுக்கும். ஒற்றைச் சரம் என்று பார்த்தால் எண்ணிக்கை வைப்பது நட்டம்தான். ஆனால் ஆயிரம் பதிவுகளில் அதே ஊர் வந்தால், நகல் முறையில் 32,000 பைட் ஆகும் இடத்தில் பகிர்வு முறையில் அந்த 48 பைட்டோடு வேலை முடிந்துவிடுகிறது.

எண்ணிக்கை வைத்து நினைவகத்தை விடுவிக்கும் முறையை ஜார்ஜ் காலின்ஸ் 1960-ஆம் ஆண்டிலேயே பட்டியல்களுக்காக எழுதி வெளியிட்டார். ஒன்றையொன்று சுட்டி வட்டமாகிவிடும் பொருள்களின் எண்ணிக்கை ஒருபோதும் சுழியத்துக்கு இறங்காது என்பதே அம்முறையின் பெரிய குறை. சரத்துக்குள் பைட்டுகள் மட்டுமே இருக்கின்றன, வேறு எதையும் அது சுட்டுவதில்லை என்பதால், அந்தக் குறை இங்கே எழவே வழியில்லை. இந்த முறைக்குச் சரத்தைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே காரணம்.

அடுத்து உரிமை. சரத்தைப் பெறும் ஒவ்வொரு செயற்கூறும் (ஃபங்ஷன்) அதை இரவலாகப் பெறுகிறதா, உரிமையோடு பெறுகிறதா என்று அதன் அறிவிப்புக்கு மேலேயே எழுதிவிடுங்கள். திரையில் அச்சிடும் செயற்கூறு இரவல் வாங்குகிறது. அது எண்ணிக்கையைத் தொடவே கூடாது. பதிவுக்குள் சேமித்துவைக்கும் செயற்கூறு தனக்கென ஓர் எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பதிவு அழியும்போது அதைக் கழிக்க வேண்டும். புதிய சரம் உருவாக்கித் தரும் செயற்கூறு, எண்ணிக்கையை 1 ஆக வைத்துத் தர வேண்டும். அந்த ஒன்றைக் கழிக்கும் கடமை, வாங்கியவருக்கு உண்டு. உங்கள் நிரலில் குப்பை எழுத்துகள் தெரிவது, ஒரு பதிவு தனக்கு மட்டுமே சொந்தம் என்று எண்ணி எல்லோருடைய சரத்தையும் விடுவித்துவிட்டதால்தான்.

இந்த விதிகளைப் பின்பற்றியும் பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. பதிவைத் திருத்தும் திரையில், பழைய பெயரை விடுவித்துவிட்டுப் புதிய பெயருக்கு எண்ணிக்கை கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். கணக்கெழுதுபவர் அதே படகையே மறுபடி தேர்ந்தெடுத்தால் பழையதும் புதியதும் ஒரே சரம். அதன் எண்ணிக்கை 1 என்றால், முதல் வரியிலேயே அது சுழியமாகி நினைவகம் பறிபோகிறது. இரண்டாம் வரி, இல்லாத இடத்தில் எண்ணிக்கை கூட்டுகிறது. பெரும்பாலும் அந்த நொடியில் எதுவும் நடக்காது. சில மணி நேரம் கழித்து, தொடர்பே இல்லாத வேறொரு பதிவில்தான் பிழை தலைகாட்டும். புதியதற்கு முதலில் கூட்டுங்கள், பழையதை அதன்பிறகு கழியுங்கள். இவ்விரண்டையும் ஒரே செயற்கூறில் வைத்து, பதிவின் சர உறுப்புகளை அதன் வழியாக மட்டுமே மாற்றுவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

பகிர்ந்த சரத்தை எவரும் மாற்றக் கூடாது என்பது இத்தனைக்கும் அடிப்படை. கான்ஸ்ட் (மாறாதது) என்று அறிவித்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அது அந்தச் சுட்டியின் வழியாக எழுதுவதை மட்டுமே தடுக்கிறது, ஒரு காஸ்ட் (வகை மாற்றம்) போட்டால் அந்தத் தடையும் விலகிவிடும். காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வரியைப் பிரிக்க ஸ்டர்டாக் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மிகவும் கவனமாக இருங்கள். அது தான் பெறும் சரத்துக்குள்ளேயே சுழியங்களை எழுதிச் செல்லும். பகிர்ந்த சரத்தை அதற்குக் கொடுத்தால், அதை வைத்திருக்கும் எல்லாப் பதிவுகளிலும் பெயர் பாதியில் அறுந்துபோகும். ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பைத் தலைப்புக் கோப்பில் காட்டாமல், நிரல் கோப்புக்குள் மறைத்து வைப்பது நல்ல பாதுகாப்பு.

மீன் வகைப் பெயர்களை நிரலிலேயே எழுதியிருந்தால் அவற்றுக்கு ஃப்ரீ போடவே கூடாது. எண்ணிக்கையில் ஒரு தனி மதிப்பை வைத்து, அதைக் கண்டால் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம் என்று செய்துவிடலாம். 2023-இல் வந்த பைத்தான் 3.12 தன் நிரந்தரப் பொருள்களை இந்த வழியில்தான் கையாளுகிறது.

சோதிக்கும்போது, உயிரோடு இருக்கும் சரங்கள் அனைத்தையும் ஒரு பட்டியலில் கோத்து வைத்து, நிரல் முடியும் தறுவாயில் ஒவ்வொன்றின் எழுத்துகளையும் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். 'சீலா' என்ற பெயர் மட்டும் எண்ணிக்கை 40-ஓடு மிஞ்சி நிற்கிறது என்றால், மீன் வகையைக் கையாளும் வரிகளில் கழித்தல் விடுபட்டிருக்கிறது என்று நேராக அங்கே போய்விடலாம். முன்கூட்டியே விடுவித்த பிழைகளை அட்ரஸ் சானிடைசர் என்ற சோதனைக் கருவி காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: மாறாத சரம் என்றால், படகு கைமாறிப் பெயர் மாறும்போது என்ன செய்வது? மேலும், படகின் பதிவெண்ணில் கடைசி இலக்கங்கள் மட்டும் தேவைப்படும்போது மூலச் சரத்தையே சுட்டிக்கொள்ளலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: சரம்தான் மாறாது, அதைச் சுட்டும் இடம் மாறலாம். புதிய பெயருக்குப் புதிய சரம் உருவாக்கிப் படகுப் பதிவேட்டில் வைத்தால், பழைய ஏலப் பதிவுகள் பழைய பெயரையே தொடர்ந்து காட்டும். அன்று எந்தப் பெயரில் மீன் இறங்கியதோ அந்தப் பெயர் கணக்கில் நிற்பதுதான் முறை என்பது என் கருத்து. எல்லா இடத்திலும் பெயர் மாறியாக வேண்டும் என்றால், ஏலப் பதிவில் பெயரை வைக்காமல் 'ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்' என்று தொடங்கும் பதிவெண்ணை வைத்து, பெயரைப் பதிவேட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய துண்டு மூலத்தைச் சுட்டினால், அந்தத் துண்டு உள்ளவரை மூலமும் நினைவகத்தை விட்டு அகலாது. ஒரு பெரிய கோப்பை ஒரே சரமாகப் படித்து அதிலிருந்து நான்கு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டாலும் கோப்பு முழுவதும் தங்கிவிடும். ஜாவா மொழி நெடுங்காலம் இப்படித்தான் செய்துவந்தது. 2012-இல் வந்த ஜாவா 7-இன் ஆறாவது புதுப்பிப்பில் துண்டுக்குத் தனி நகல் எடுக்கும் முறைக்கு மாறியது. நீங்களும் நகலே எடுங்கள்.

கேள்வி: ஒரு நாளின் கணக்கை முடித்து அச்செடுத்தவுடன் எல்லாத் தரவையும் அழித்துவிடும் நிரலுக்கும் இந்த எண்ணிக்கை வேண்டுமா?
— கல்லூரி மாணவி, தேவிபட்டினம்

பதில்: வேண்டாம், அம்மா. எல்லாம் ஒரே நேரத்தில் அழியப் போகிறது என்றால், ஒரு பெரிய நினைவகத் துண்டை எடுத்து அதில் சரங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போய், நாள் முடிவில் அந்தத் துண்டையே விடுவித்துவிடுங்கள். ஒவ்வொரு சரமும் வெவ்வேறு நேரத்தில் அழியும் நிரலுக்கே எண்ணிக்கை தேவை.

கேள்வி: மின்னணுத் தராசிலிருந்து எடையைப் பெற ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை), கோப்பில் எழுத இன்னொரு த்ரெட் என்று பிரித்திருக்கிறேன். இரண்டும் ஒரே சரங்களைப் பயன்படுத்துகின்றன. எப்போதாவது ஒருமுறை நிரல் விழுந்துவிடுகிறது. சரத்தைத்தான் யாரும் மாற்றுவதில்லையே?
— வாசகர், தொண்டி

பதில்: எழுத்துகள் மாறுவதில்லை, எண்ணிக்கை மாறுகிறது. ஒன்றைக் கூட்டுவது என்பது படிப்பது, கூட்டுவது, திரும்ப எழுதுவது என்ற மூன்று செயல்கள். இரண்டு த்ரெட்டுகளும் ஒரே கணத்தில் 5 என்று படித்து இரண்டும் 6 என்று எழுதினால், ஓர் உரிமை கணக்கிலேயே ஏறாமல் போகிறது. பின்னர் ஒருவர் இன்னும் வைத்திருக்கும்போதே சரம் விடுவிக்கப்படுகிறது. இம்மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும், சி11 தரம் தரும் அட்டாமிக் எண்ணைப் பயன்படுத்துங்கள். ஒரு த்ரெட்டின் செயல்கள் மற்றதற்கு எந்த வரிசையில் தெரிய வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடலாம். கூட்டும்போது, வரிசை எதையும் கட்டாயமாக்காத ரிலாக்ஸ்டு வரிசைமுறை போதும். கழிக்கும்போது ரிலீஸ் வரிசைமுறை வேண்டும். சுழியமாக்கியவர் ஃப்ரீ அழைக்கும் முன் அக்வயர் வேலி ஒன்றைப் போட வேண்டும்.

ஒரே பெயர் மறுபடி வந்தால் பழைய சரத்தையே தேடித் தரும் ஹேஷ் அட்டவணை வைத்திருந்தால், அட்டாமிக் எண் மட்டும் போதாது. ஒரு த்ரெட் எண்ணிக்கையைச் சுழியமாக்கி, அட்டவணையிலிருந்து நீக்கப் போகும் இடைவெளியில், மற்றது அதே சரத்தை அங்கே கண்டு எடுத்துவிடலாம். தேடிக் கூட்டுவதையும், கடைசி உரிமையைக் கழித்து நீக்குவதையும் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழைய முடியும் ஒரே பூட்டுக்குள் செய்ய வேண்டும்.

உங்கள் நிரலுக்கு இத்தனையும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். தராசு த்ரெட்டிலிருந்து எழுதும் த்ரெட்டுக்கு ஓர் எடைக்கு ஒன்றிரண்டு பெயர்கள்தான் போகின்றன. வரிசையில் போடும் இடத்தில் முழு நகல் எடுத்து அனுப்பி, ஹேஷ் அட்டவணை இருந்தால் அதையும் த்ரெட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் தன் சரங்களைத் தானே எண்ணிக்கொள்ளும், சாதாரண எண்ணே போதும்.