இசை கேள்வி-பதில்: மவுத் அண்ட் மெக்னீல் ஜோடி

கேள்வி: மும்பை சோர் பஜாரில் பழைய இசைத்தட்டுகளைக் கிளறியபோது 'ஹவ் டூ யூ டூ' என்ற, நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் தட்டு கிடைத்தது. பாடியவர்கள் 'மவுத் அண்ட் மெக்னீல்' என்று போட்டிருக்கிறது. யார் இவர்கள்? கணவன் மனைவியா? ஏன் சீக்கிரமே காணாமல் போனார்கள்?
- வாசகர், செம்பூர்

பதில்: கணவன் மனைவி இல்லை. ஒரு தயாரிப்பாளர் சேர்த்துவைத்த ஜோடி. நெதர்லாந்தின் ஹான்ஸ் ஃபான் ஹெமர்ட் 1971இல் இருவரையும் இணைத்தார். 'மவுத்' என்பது வில்லெம் டைன், 1937இல் பிறந்தவர். பல இசைக்குழுக்களில் பாடியவர், கரகரத்த முரட்டுக் குரல். மேகி மெக்னீல் அவரைவிட 13 வயது இளையவர், தெளிந்த குரல். இந்த முரண்தான் அந்த ஜோடியின் முதலீடே. உங்களுக்குக் கிடைத்த பாட்டை ஃபான் ஹெமர்ட்டும் ஹாரி ஃபான் ஹூஃபும் சேர்ந்து எழுதினார்கள். 1972இல் அது அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பாட்டுப் பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது. டச்சுப் பாடகர்களுக்கு இது பெரிய உயரம்.

1974 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் 'ஐ ஸீ எ ஸ்டார்' பாடி மூன்றாம் இடம் பிடித்தார்கள். அந்த வருடமே பிரிந்தும் விட்டார்கள். சரக்கு தீர்ந்து பிரிந்தவர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. பாட்டும் திட்டமும் தயாரிப்பாளர் கையில் இருக்கும் ஜோடியில், இருவருக்குமே தனிவழி போகும் ஆசை வருவது இயல்பு. டைன் வேறொரு பாடகியோடு 'பிக் மவுத் அண்ட் லிட்டில் ஈவ்' என்று ஜோடி சேர்ந்தார், 2004இல் காலமானார். மெக்னீல் 1980இல் ஹேக் நகரில் 'ஆம்ஸ்டர்டாம்' என்ற பாட்டுடன் மீண்டும் யூரோவிஷன் மேடை ஏறி ஐந்தாம் இடம் பெற்றார்.

கேள்வி: 1974 யூரோவிஷனில் மவுத் அண்ட் மெக்னீலுக்கு வெறும் 15 புள்ளிதானாமே! அதற்கா மூன்றாம் இடம்?
- வாசகி, முலுண்ட்

பதில்: அன்றைய கணக்கு வேறு. ஒவ்வொரு நாட்டிலும் 10 நடுவர்கள், ஆளுக்கு ஒரே ஓட்டு. 17 நாடுகள் என்றால் மொத்தமே 170 ஓட்டு. 'வாட்டர்லூ' பாடிய சுவீடன் குழு ஆபாவே 24 புள்ளியில்தான் ஜெயித்தது, இரண்டாவது வந்த இத்தாலிக்கு 18. இன்றைய 12 புள்ளி முறையோடு ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

கேள்வி: அந்தத் தட்டு என்னிடமும் இருக்கிறது. நடு ஓட்டை பெரிது. எப்படியோ வைத்துப் போட்டால் சுருதி அலைகிறது. ஆண் குரல் வேறு கரகரக்கிறது. தட்டு கெட்டுவிட்டதா?
- வாசகர், மாட்டுங்கா

பதில்: அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். பெரிய ஓட்டை ஏறக்குறைய 38 மி.மீ. அகலம், பிளேயரின் நடுக்கம்பி 7 மி.மீ.தான். இடையில் வைக்க ஓர் அடாப்டர் வேண்டும், லாமிங்டன் ரோடு கடைகளில் விசாரியுங்கள். அட்டையை வெட்டி வைத்தால் மையம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் போதும், ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறி இறங்கும். உங்கள் அலைவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கரகரப்புக்கு ஒரு சோதனை உண்டு. மேகி தனியாகப் பாடும் வரிகளில் 'ஸ்' ஒலியைக் கவனியுங்கள். அது சுத்தமாக வந்தால் ஊசி நன்றாக இருக்கிறது, கரகரப்பு டைனின் தொண்டையுடையது. அந்த 'ஸ்' சீறிச் சிதறினால் ஊசி தேய்ந்திருக்கிறது, அல்லது பழைய பிளேயர்களில் ஊசியை மாற்றும் திருப்பு நெம்புகோல் 78 சுற்றுத் தட்டுக்கான ஊசிப் பக்கம் நிற்கிறது. 78 தட்டின் ஊசிமுனை ஏறக்குறைய 75 மைக்ரான், 45க்கு வேண்டியது 18 மைக்ரான். பருத்த முனை பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே உரசிக்கொண்டு ஓடும், தட்டும் பாழாகும். இன்றைய காந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) என்றால் ஊசியின் பாரத்தை 1.5 முதல் 2 கிராமுக்குள் வையுங்கள். ரொம்பக் குறைத்தால் தாவும், தாவும்போதுதான் பள்ளத்தில் கீறல் விழும்.

மும்பை மழைக்காலத்தில் காகித உறை ஈரத்தை இழுத்துத் தட்டில் பூஞ்சை பிடிக்கும். நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், இந்தக் கலவையில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு வெறும் வடித்த நீரால் இன்னொரு முறை துடைத்து, நிழலில் நிமிர்த்திக் காயவையுங்கள். 78 சுற்று அரக்குத் தட்டுக்கு மட்டும் இந்தக் கலவை கூடவே கூடாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

கேள்வி: சங்க விழாவில் நானும் மனைவியும் இந்தப் பாட்டைப் பாட ஆசை. கரோக்கியில் அவளுக்குச் சுருதி எட்டவில்லை.
- வாசகர், வாஷி

பதில்: முதலில் இருவரும் சிரமமில்லாமல் எட்டும் மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த சுரங்களைக் கீபோர்டில் குறித்துக்கொள்ளுங்கள். சுருதியை மனைவிக்கு ஏற்றபடி மாற்றுங்கள், நீங்கள் அனுசரித்துப் போங்கள். மூன்று அரைச்சுரத்துக்கு (கீபோர்டில் கறுப்பும் சேர்த்து அடுத்தடுத்த மூன்று கட்டை) மேல் நகர்த்தினால் கரோக்கித் தடத்தின் வாத்திய ஒலியே செயற்கையாகிவிடும். டைனைப் போல் தொண்டையை இறுக்கிக் கரகரக்க வேண்டாம், இரண்டு ஒத்திகையில் குரல் கட்டிவிடும். தனித்தனி மைக் வாங்குங்கள், உரக்கப் பாடுபவர் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். முழுப் பாட்டையும் சேர்ந்தே பாடாதீர்கள். வரிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்து, பல்லவியில் மட்டும் சேருங்கள்.