இரண்டாம் உலகப் போரில் லொறி ஓட்டிய அப்புத்தளைத் தாத்தா

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் உண்டா? போருக்குப் பின் அவருடைய வாழ்க்கை எப்படி அமைந்தது?

உண்டு. என் அம்மாவின் தந்தை 1941 முதல் 1946 வரை இலங்கைப் பாதுகாப்புப் படையின் போக்குவரத்துப் பிரிவில் லொறிச் சாரதியாக இருந்தார். மலைநாட்டு ஊரான அப்புத்தளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், 1921இல் பிறந்தவர். துப்பாக்கி ஏந்திக் களத்தில் நின்ற கதை எதுவும் அவரிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போரை விட, போர் முடிந்த பிறகு வந்த சட்டங்கள்தாம் அவருடைய வாழ்க்கையை அதிகம் அலைக்கழித்தன என்பது என் கணிப்பு. ஆகவே கேள்வியின் இரண்டாம் பகுதிக்கே இங்கே அதிக இடம் போகும்.

தோட்டத்துத் துரையின் காரைக் கழுவும் பையனாக இருந்து வாகனம் ஓட்டப் பழகியவர், தியத்தலாவை முகாமில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கின. அந்த இரண்டாவது தாக்குதலின்போது அவர் திருகோணமலையில் இருந்தார். அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று பற்றி எரிந்த புகையைப் பற்றி மட்டும் தாத்தா சில தடவை பேசியிருக்கிறார். 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது அவரையும் கண்டிப் பக்கம் மாற்றினார்கள். அந்தப் பீடத்தின் தளபதி மவுண்ட்பேட்டனைப் பார்த்தீர்களா என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், லொறிக் கண்ணாடிக்கு வெளியே எத்தனையோ தொப்பிகள் போயின, எது யாருடையது என்று யாருக்குத் தெரியும் என்பார்.

படையில் இருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் குடும்பத்துக்கு உதவியவை சாரதி அனுமதிப்பத்திரமும் சிங்களமும். அவருடைய சிங்களம் முகாமில் கற்றது. கெட்ட வார்த்தைகள் முதலில் வந்து, மற்றவை பின்னால் வரும். அவர் வாயைத் திறந்தாலே பாட்டி பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுவாராம். ஆனாலும் சந்தையிலும் பொலிஸிலும் அரசாங்க அலுவலகமான கச்சேரியிலும் தானே பேசிக் காரியம் முடிக்கக்கூடிய தோட்டத்து ஆள் அந்நாளில் அரிது. அதனால் லயத்தில் யாருக்கு என்ன கடுதாசி வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். முதலில் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டினார். பின்னர் அப்புத்தளை பஸாரில் மரக்கறி வியாபாரி ஒருவரிடம் சேர்ந்து, பெரகலை வளைவுகளில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றி இறக்கினார். லயக்காம்பராவை விட்டு டவுனில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடும்பம் வந்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

பணம் வந்த கதையை விட அவர் லொறியைக் கிளப்பும் முறைதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்படும். அதிகாலை நான்கு மணிக்கு ஒரு போத்தல் தேநீரோடு இறங்கி, டயர் ஒவ்வொன்றையும் கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பார். பானட்டைத் தூக்கி, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, பழைய துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார்; தண்ணீர் ஊற்றுவார்; அதன் பிறகுதான் சாவி. இரவில் வந்து நிறுத்தியபோது சரியாக இருந்ததே என்று யாராவது சொன்னால், நிறுத்தியவன் நேற்றைய ஆள் என்பார். படையில் பழகிய ஒழுங்கு அவரிடம் மிஞ்சியிருந்தது இந்த ஒன்றில்தான்; மற்றபடி வீட்டில் செருப்பைக்கூட உரிய இடத்தில் கழற்றமாட்டார் என்பது பாட்டியின் நிரந்தர முறைப்பாடு.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1947 பொதுத் தேர்தலில் தாத்தா வாக்களித்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்தைக் கேட்டது. அவருடைய தகப்பனார் திருச்சிப் பக்கமிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு வந்தவர்; ஆகவே அந்தச் சட்டப்படி தாத்தா பிரஜை ஆகவில்லை. அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முந்திய ஏழு ஆண்டுகளும், மற்றவர்கள் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இந்நாட்டில் வசித்ததற்கு ஆதாரம் காட்டவேண்டும். தாத்தாவிடம் இருந்தது படையிலிருந்து விடுவித்த சான்றிதழ். எந்த வகையில் எண்ணினாலும் அது 1941க்கு முந்திய காலத்தைக் காட்டவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளுக்குத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடான தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் வேண்டும். அது கறையான் அரித்துக் கிடந்தது. போர்ப் பதக்கத்தையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். ஒரு பக்கம் அரசர் தலையும் மறுபக்கம் சிங்கமும் கொண்ட அந்தப் பதக்கத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. விசாரணை அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போய், ஏறக்குறைய 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: எங்களைப் போல் பிரஜாவுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தருவது, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. அந்த மிச்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் எங்கள் ஆட்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம். தாத்தா தயங்காமல் இலங்கைக்கே விண்ணப்பம் போட்டார். பாட்டியும் சிறு பிள்ளைகளும் அதில் அடங்கினார்கள். பெரியம்மாவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. பெரியப்பா வீட்டார் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். 1973இல் அவர்களுக்குப் பயண நாள் வந்தது. இரும்புப் பெட்டியையும் அம்மிக்கல்லையும் தாத்தாவே லொறியில் ஏற்றி அப்புத்தளை ஸ்டேஷனில் இறக்கினார். மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில், இந்தியாவுக்குப் படகு ஏறும் தலைமன்னார் வரை அவரும் போனார். பெரியம்மா குடும்பம் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு நட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, மறுபடியும் கொழுந்துதான் பறித்தது.

தாத்தாவுக்குப் பதிவுப் பிரஜை என்ற பத்திரம் 1979இல் வந்தது. 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில், முதல் வாக்குக்கு 35 ஆண்டுகள் கழித்து, அவர் இரண்டாவது வாக்கைப் போட்டார். மறு ஆண்டு ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் பதுளையில் கடைகள் எரிந்தபோது, படையில் கூட இருந்த தியத்தலாவைச் சிங்களவர் ஒருவர் வந்து எங்கள் வாசலில் இரவிரவாக நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று பாட்டி எங்களுக்குச் சொல்லவேயில்லை. அந்த முகாம் சிங்களமாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

1989இல் தாத்தா இறந்தார். நாடெங்கும் ஊரடங்கும் கடையடைப்புமாக இருந்த காலம். தலைமன்னார்ப் படகும் சில ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. தந்தி கண்டு பெரியம்மா கடன் வாங்கி விமானத்தில் வந்து சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. போகும்போது பதக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பிரஜாவுரிமைப் பத்திரத்தை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் எங்களில் யார் விண்ணப்பித்தாலும் அதன் பிரதியைக் கேட்பார்கள்.